முன்பாரம் எவ்வளவு?

கோடை தொடங்கிவிட்டால் பலெர்மோ துறைமுகத்தில் இறங்கும் வாகன வரிசையில், பின்னால் ஒரு குட்டி வீட்டைக் கட்டி இழுத்துவரும் கார்களைக் காணலாம். ஜெனோவாவிலோ நேப்பிள்ஸிலோ முதல்நாள் இரவு கப்பலேறி, மறுநாள் சிசிலித் தீவில் கால்வைப்பவை அவை. நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பேருந்துதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது வேறு வண்டி: எஞ்சின் கிடையாது, பெரும்பாலும் ஒரே அச்சு, இரண்டே சக்கரம், உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. காரின் பின்புறக் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். இத்தாலியர் இதை ரூலோட் என்பார்கள். மேற்கே சான் வீட்டோ லோ காப்போவுக்கும் கிழக்கே செஃபலூவுக்கும் இந்த வண்டிகள் பிரிந்து போகின்றன. இவற்றை ஓட்டுபவரிடம் மொத்த எடை எவ்வளவு என்று கேட்டால் உடனே கிலோ கணக்கில் சொல்வார். அது பதிவுச் சீட்டில் இருக்கிறது, அதற்கு அபராதமும் இருக்கிறது. கொக்கியின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்று கேட்டால் பலருக்குப் பதில் இருக்காது. வண்டி நேராகப் போகுமா, வாலாட்டிக் கவிழுமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண்தான். அதை ஓட்டுபவரும் அளக்க வேண்டும், வாடகைக்கு விடுபவரும் அளக்க வேண்டும், அரசும் கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது புது விஷயம் அல்ல. நெல் மூட்டை ஏற்றும்போது முதல் மூட்டைகளை எங்கே கிடத்துவது என்று வண்டிக்காரர் பார்த்துப் பார்த்துக் கிடத்துவார். ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கைக்கு ஒரு கனம் தெரிய வேண்டும். ஆனால் கை தாங்கக்கூடிய கனமாக இருக்க வேண்டும். அதற்குப் பெயர் முன்பாரம். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்தில் புண் விழும். பின்பாரம் ஆகிவிட்டால் அதைவிட மோசம்: நுகத்தடி கழுத்தைவிட்டு எழும்பி, பூட்டாங்கயிறு குரல்வளையை இறுக்கி, மாட்டுக்கு மூச்சு முட்டும். வண்டியில் ஆட்கள் ஏறினாலும் கணக்கு ஓயாது. ஏற்றத்தில் "முன்னாடி தள்ளி உட்காருங்க" என்பார், இறக்கத்தில் "பின்னாடி போங்க" என்பார். ஒற்றை அச்சில் நிற்கும் எந்த வண்டியும் ஒரு தராசு. ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் எழும். இதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அந்தத் தலைமுறைக்கு இருக்கவில்லை, மாடே சொல்லிவிடும்.

பலெர்மோக்காரர்களுக்கும் இந்த அறிவு பழையதுதான். கர்ரெட்டோ எனப்படும் சிசிலியின் வண்ணம் தீட்டிய குதிரைவண்டியை உலகம் அதன் ஓவியங்களுக்காகவே அறியும். பலெர்மோவில் 1980களிலிருந்து வேரூன்றிய ஈழத்தமிழர்கள் சாந்தா ரொசாலியா புனிதையை வணங்க மோன்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறுகிறார்களே, அந்த மலையடிவாரத்து ஃபவோரிதா பூங்காவில்தான் 1909-இல் ஜுசெப்பே பித்ரே தொடங்கிய நாட்டார் வழக்காற்று அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் சேகரிப்பில் கர்ரெட்டோக்கள் உண்டு. கண் முதலில் போவது பக்கப் பலகைகளில் தீட்டிய போர்க் காட்சிகளுக்கு. வண்டியின் உயிர் இருப்பதோ இரண்டு பெரிய சக்கரத்துக்கும், குதிரையின் முதுகுச் சேணத்தில் தொங்கும் இரண்டு ஏர்க்கால்களுக்கும் இடையில். சரக்கைப் பின்னால் குவித்தால் ஏர்க்கால் மேலே எழும்பும், வயிற்றுப் பட்டை குதிரையைத் தூக்கும். முன்னால் குவித்தால் முதுகு நொறுங்கும். இழுவண்டியின் ஏர்க்காலுக்கு இத்தாலிய மொழியில் திமோனே என்று பெயர்; கப்பலின் சுக்கானுக்கும் அதே சொல்தான். பொருத்தமான சொல். இழுவண்டியைத் திசை தவறாமல் வைத்திருப்பது அந்தத் தண்டின் மேல் உட்காரும் கனம்தான்.

மாடும் குதிரையும் போய் அந்த இடத்துக்குக் கார் வந்தது. காருக்குக் கழுத்து வலிக்காது, மூச்சு முட்டாது. கொக்கியில் 80 கிலோ அழுத்தினாலும் 20 கிலோ அழுத்தினாலும், ஊருக்குள் மெதுவாகப் போகும்வரை ஓட்டுபவருக்கு வித்தியாசமே தெரியாது. அளவுகோலாக இருந்த உயிரைக் கழற்றிவிட்டோம், அதன் இடத்தில் வேறு அளவுகோலை வைக்கவில்லை. குறை இங்கேதான் இருக்கிறது.

கணக்கைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். 1,200 கிலோ எடையுள்ள கேரவன் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியிலிருந்து அச்சு 4 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கொக்கியின் மேல் 75 கிலோ முன்பாரம் வேண்டுமானால் வண்டியின் எடை மையம் அச்சுக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? 75-ஐ 4-ஆல் பெருக்கி 1,200-ஆல் வகுத்தால் கிடைப்பது கால் மீட்டர். வெறும் 25 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். கட்டில், அலமாரி, குளிர்பெட்டி, கூரை எல்லாம் சேர்ந்த 1,200 கிலோவின் நடத்தை அந்த ஒரு சாண் இடைவெளியில் தொங்குகிறது. எடை மையம் அச்சுக்கு நேரே வந்துவிட்டால் முன்பாரம் பூஜ்யம். அதையும் தாண்டிப் பின்னால் போனால் வண்டி காரின் பின்பகுதியைத் தூக்கப் பார்க்கும்.

இந்த ஒரு சாணைக் கெடுக்க வேண்டாத வேலை எதுவும் செய்ய வேண்டியதில்லை, விடுமுறைக்குப் புறப்படும் எந்தக் குடும்பமும் செய்வதைச் செய்தால் போதும். மின்சார மிதிவண்டிகள் இரண்டை வாங்கி, கேரவனின் முதுகில் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். தலா 25 கிலோ, சட்டம் 10 கிலோ, மொத்தம் 60. அது அச்சுக்குப் பின்னால் 2.8 மீட்டரில் இருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி முன்பாரத்தில் 42 கிலோ குறையும். பின்பக்கம் 1.5 மீட்டரில் உள்ள தொட்டியில் 40 லிட்டர் தண்ணீர் நிரப்புகிறார்கள். இன்னொரு 15 கிலோ போயிற்று. 75-ஆக இருந்த முன்பாரம் இப்போது 18 கிலோ. வண்டியின் எடை 1,300 கிலோ ஆகியிருக்கிறது. அனுமதி 1,350 என்றால் எடைமேடை எந்தக் குற்றமும் சொல்லாது. சான்றிதழ் சரி, எடை சரி, வண்டி சரியில்லை. ஊர் திரும்பும்போது இரண்டு பெட்டி ஆரஞ்சும் ஐந்து லிட்டர் ஆலிவ் எண்ணெய்த் தகரம் நான்கும் வாங்கிப் பின்கட்டிலுக்கு அடியில் தள்ளினால், அந்த 40 கிலோ மிச்சமிருந்த முன்பாரத்தையும் தின்றுவிடும். வேண்டுமென்றே பின்னால் பாரம் ஏற்றுபவர் யாரும் இல்லை. பின்னால் இடம் இருக்கிறது, கதவு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி ஆன வண்டிக்கு நேர்வது என்ன? அம்பை எண்ணிப் பாருங்கள். கனம் முனையில் இருப்பதால்தான் அது நேராகப் பாய்கிறது. கனத்தை வாலுக்கு மாற்றினால் காற்றில் புரளும். கேரவன் ஓடும்போது பக்கவாட்டில் ஒரு காற்று தள்ளினாலோ, லாரி ஒன்று உரசிக்கொண்டு போனாலோ அது கொஞ்சம் வலப்பக்கம் விலகும். டயர்கள் அதை இழுத்து நேராக்க முயலும். கொஞ்சம் இடப்பக்கம் போய்த் திரும்பும். எடை மையம் போதுமான அளவு முன்னால் இருந்தால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடச் சின்னதாகி அடங்கிவிடும். வேகம் கூடக் கூட அடங்கும் தன்மை குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் அடங்காது, வளரும். நாலைந்து வீச்சுக்குள் காரையும் சேர்த்து இழுத்துப் புரட்டிவிடும். முன்பாரம் குறையக் குறைய அந்த எல்லை வேகமும் இறங்கி வருகிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் எடைகளை இடம் மாற்றக்கூடிய சோதனை இழுவண்டி ஒன்றை அமைத்து, காரில் கட்டி ஓட்டிப் பார்த்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிலைத்தன்மையைப் பெரிதும் பாதிப்பவை கொக்கியின் மேல் விழும் எடை, எடை பரவியிருக்கும் விதம், அச்சின் இடம் ஆகியவை. இழுவண்டியின் மொத்த எடை மட்டும் கூடுவதால் நிலைத்தன்மையில் அப்படியொன்றும் பெரிய மாற்றம் இல்லை என்பதே அவர்கள் கண்டது. மொத்த எடைக்கு இத்தனை விதிகளும் அதன் இருப்பிடத்துக்கு இவ்வளவு அலட்சியமும் வைத்திருக்கும் நமக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இத்தாலியில் இழுவண்டி கட்டிய காருக்கு நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டரும், ஊருக்கு வெளியேயான மற்றச் சாலைகளில் 70 கிலோமீட்டரும்தான் உச்ச வேகம். இந்த வேகத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒழுங்காகப் பாரம் ஏற்றிய வண்டிக்கு 80 பாதுகாப்பான வேகம். பின்பாரம் ஏறிய வண்டியின் எல்லை வேகம் 80-க்குக் கீழேயே வந்துவிட முடியும் என்பதுதான் சிக்கல். சிசிலியின் சாலைகளும் சோதிக்கும் சாலைகள். பலெர்மோவிலிருந்து மெசினா போகும் ஏ20 நெடுஞ்சாலை, செஃபலூ தாண்டியதும் கடலுக்கும் மலைக்கும் இடையே சுரங்கமும் உயர்பாலமுமாக மாறி மாறிப் போகிறது. சுரங்கத்துக்குள் காற்றே இல்லை. வெளியே வந்த அடுத்த நொடி, பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் பாலத்தில், கேரவனின் அகன்ற பக்கச் சுவரில் கடற்காற்று முழுசாக அறைகிறது. கபாச்சி வழியாக விமான நிலையத்தைக் கடந்து மேற்கே போகும் ஏ29 சாலையிலும் மலை இறங்கும் காற்றுக்குக் குறைவில்லை. சிரோக்கோ என்ற வெப்பக் காற்று வீசும் நாட்களில் அந்த விமான நிலையத்தில் விமானங்களே தரையிறங்கத் திணறும். கத்தானியா நோக்கித் தீவின் நடுவே போகும் ஏ19-இல் நீண்ட இறக்கங்கள் உண்டு. இறக்கத்தில் இழுவண்டி காரைத் தள்ளும். வேகமானியின் முள் ஓட்டுபவர் நினைத்ததைவிட மேலே நிற்கும். ஆட்டத்தைத் தொடங்கிவைக்க ஒரு தள்ளு போதும். அது வளருமா, அடங்குமா என்பது காலையில் பாரம் ஏற்றியபோதே முடிவாகிவிட்டது.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. இத்தாலியச் சாலைச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு, சரக்கு வாகனத்தின் நிலைத்தன்மையைக் கெடுக்காதபடி அடுக்கப்பட வேண்டும் என்கிறது. நிலைத்தன்மைக்கு அந்தப் பிரிவில் எண் எதுவும் கிடையாது. 167-ஆவது பிரிவு கூடுதல் எடையைப் பற்றியது. அங்கே எண் இருக்கிறது, 5 சதவீதச் சலுகை இருக்கிறது, அதற்கு மேல் படிப்படியாக அபராதம் இருக்கிறது. ஓட்டுநர் உரிமமும் அப்படித்தான். சாதாரண பி உரிமத்தில் 750 கிலோ வரையான இழுவண்டியை இழுக்கலாம். அதற்கு மேற்பட்டதென்றால் காரும் அதுவும் சேர்ந்து 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பி96 குறியீடு பெற்றால் 4,250 கிலோ. 2013 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இதே கணக்கு. எல்லாம் மொத்த எடையின் கணக்கு. எண் உள்ள விதியை எடைமேடையில் நிறுத்திச் சோதிக்கலாம். எண் இல்லாத விதியை விபத்து நடந்த பிறகுதான் கையில் எடுக்க முடியும். ஜெர்மனி ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே ஒற்றை அச்சு இழுவண்டியின் முன்பாரம் அதன் உண்மையான எடையில் குறைந்தது 4 சதவீதம் இருக்க வேண்டும். 25 கிலோவுக்கு மேல் கட்டாயம் இல்லை என்ற தளர்வும் உண்டு. வழக்கமான 80 கிலோமீட்டருக்குப் பதில் 100-இல் போக அனுமதி வாங்கியவர், ஆறு வயதுக்கு மேற்பட்ட டயரைப் பயன்படுத்தக் கூடாது. முன்பாரத்தையும் அனுமதிக்கப்பட்ட உச்சத்தை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வேகத்துக்கும் முன்பாரத்துக்கும் உள்ள உறவைச் சட்டத்திலேயே எழுதிவைத்த ஏற்பாடு அது. இத்தாலி அதைக் கடன் வாங்குவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

அப்படியானால் முன்னால் நிறைய ஏற்றிவிட்டால் நல்லதுதானே என்று ஒருவர் கேட்பார். கூடாது. காரின் கொக்கியில் ஒரு தகடு இருக்கும். அதில் எஸ் என்ற எழுத்தின் பக்கத்தில் 75 என்றோ 100 என்றோ எழுதியிருக்கும். கொக்கி செங்குத்தாகத் தாங்கக்கூடிய உச்ச எடை அது. காருக்கு ஓர் எண், கொக்கிக்கு ஓர் எண், கேரவனின் இணைப்புத் தலைக்கு ஓர் எண் என்று மூன்று இருக்கலாம். மூன்றில் சிறியதே எல்லை. கார் என்ற பெட்டியும் ஒரு தராசுதான். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கும் கொக்கியில் 150 கிலோ அழுத்தினால், சக்கரங்களுக்கிடையே 2.5 மீட்டர் உள்ள காரில் முன் அச்சிலிருந்து 60 கிலோ கழன்றுவிடும், பின் அச்சில் 210 கிலோ ஏறும். திசை திருப்புவதும் பெருமளவு பிரேக் பிடிப்பதும் முன் சக்கரங்கள். அவை தரையை லேசாகத் தொட்டுக்கொண்டு போனால் மழை நாளில் வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்காது. வாகனம் முன்னால் தூக்கி நிற்பதால் இரவில் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இங்கே அமெரிக்க அளவையும் ஐரோப்பிய அளவையும் பார்த்துக் குழம்புபவர்கள் உண்டு. அமெரிக்காவில் இழுவண்டி எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரம் வேண்டும் என்பார்கள். பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள். நிபுணர்களே ஒத்துப்போகாதபோது நான் ஏன் அளக்க வேண்டும் என்று இதையே சாக்காகச் சொல்லவும் முடியும். ஆனால் இரண்டும் வேறு வேறு வண்டிகளுக்கான அளவு. அமெரிக்கர்கள் 3,000 கிலோ வண்டியைப் பெரிய பிக்கப் டிரக்கில் கட்டி, ஐரோப்பிய வேக வரம்புகளைத் தாண்டிய வேகத்தில் இழுக்கிறார்கள். 300, 450 கிலோ முன்பாரம் வரும்போது டிரக்கின் முன் சக்கரம் எழும்பாமலிருக்க, எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கி ஒன்றை மாட்டுகிறார்கள்: வில்லுபோன்ற இரண்டு எஃகுத் தண்டுகள் ஏர்க்காலை முறுக்கிப் பிடித்து, பாரத்தில் ஒரு பங்கை டிரக்கின் முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை இழுவண்டியின் அச்சுக்கும் தள்ளிவிடும். ஐரோப்பாவில் சின்னக் கார், இலேசான கேரவன், குறைந்த வேகம். அச்சையே வண்டியின் நடுப்பகுதியை ஒட்டி வைத்துச் செய்கிறார்கள். முன்பாரம் இருந்தே ஆக வேண்டும், எல்லைக்குள் இருந்தே ஆக வேண்டும் என்பதில் இரு கரைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பலெர்மோவில் 75 கிலோ கொக்கி வைத்திருப்பவர் அமெரிக்க அறிவுரையைக் கேட்டு 1,200 கிலோ வண்டியில் 150 கிலோ முன்பாரம் ஏற்றினால் கொக்கியை முறிப்பார், அவ்வளவே.

முன்பாரம் சரியாக இருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. இதை ஒப்புக்கொள்வதால் வாதம் பலவீனப்படாது. தோளில் காவடித் தண்டு வைத்து இரு முனையிலும் குடம் தொங்கவிட்டுப் போகிறவரைப் பாருங்கள். சட்டென்று திரும்ப அவரால் முடியாது. திரும்பத் தொடங்கினால் சட்டென்று நிற்கவும் முடியாது. அதே இரண்டு குடத்தையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் நினைத்தபடி திரும்பலாம். கேரவனின் முன் பெட்டியில் எரிவாயு உருளைகளையும் கூடாரத்தையும் திணித்து, பின்முனையில் மிதிவண்டியை மாட்டிச் சமன்செய்தால் தராசு 75 கிலோ என்று சரியாகவே காட்டும். வண்டி மட்டும் காவடியாகிவிடும். கனமான பொருள்கள் அச்சின் மேலே, தரையை ஒட்டி. இலேசானவை முனைகளிலும் மேல் அலமாரியிலும். சமையல் பாத்திரம், டின் உணவு, கருவிப்பெட்டி, தண்ணீர்க் கேன் எல்லாம் நடுவே. அந்த ஒழுங்கில் அடுக்கிய பிறகு பார்க்கும் முன்பாரம்தான் நம்பத்தக்க எண்.

இன்னொரு மறுப்பு, இப்போது கருவிகள் வந்துவிட்டன என்பது. இணைப்புத் தலைக்குள் உராய்வுப் பட்டை வைத்து ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் நிலைப்படுத்திகள் இருக்கின்றன. ஆட்டத்தை உணர்ந்து தானே பிரேக் போடும் மின்னணுச் சாதனங்களும் புதிய கார்களில் உள்ளன. அவை உயிர் காப்பவை, வாங்க முடிந்தவர் வாங்கட்டும். ஆனால் அவை எல்லை வேகத்தைக் கொஞ்சம் உயர்த்தும், ஆட்டம் தொடங்கியபின் அடக்க முயலும். எடை மையத்தை முன்னே நகர்த்தாது. பாதி தேய்ந்த உராய்வுப் பட்டையும் எண்ணெய் பட்ட கொக்கி உருண்டையும் அந்தக் கொஞ்ச உதவியையும் செய்யாது. இருபது வருடமாக இழுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பவர்களை மதிக்கிறேன். அனுபவம் பொய் சொல்வதில்லை. அது அந்த இருபது வருடமும் ஏற்றிய பாரத்துக்கும், அந்த நாட்களில் வீசிய காற்றுக்குமான சாட்சி. இந்த வருடம் புதிதாக மாட்டிய மிதிவண்டிச் சட்டத்தைப் பற்றி அந்த அனுபவத்துக்கு எதுவும் தெரியாது.

அளப்பது அவ்வளவு கடினமா? குளியலறையில் உடல் எடை பார்க்கும் தராசு போதும். பயணத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இணைப்புத் தலைக்கு நேர் கீழே தராசை வைத்து, அதன் மேல் ஒரு பலகையும் அதன் மேல் நிமிர்த்தி ஒரு மரக்கட்டையும் வைக்க வேண்டும். கட்டையின் உயரம் முக்கியம்: காரில் மாட்டும்போது கொக்கி உருண்டை இருக்கும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 35 முதல் 42 சென்டிமீட்டருக்குள், இணைப்புத் தலை நிற்க வேண்டும். மூக்கு அதைவிடத் தூக்கி நின்றால் பாரம் பின்னே சரிந்து, எண் குறைவாகக் காட்டும். பிறகு முன்னால் தாங்கும் சிறு சக்கரத்தை மெல்ல மேலே சுழற்றினால் முழு முன்பாரமும் தராசில் இறங்கும். முள் காட்டுவதைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். பலகை, கட்டையின் எடையைக் கழித்துவிடலாம். குறைவாக இருந்தால் தண்ணீர்க் கேனை அரை மீட்டர் முன்னே நகர்த்தி மறுபடி பார்க்கலாம். வழியில் மாறுமே என்றால், மாறும்தான். முன் பெட்டியில் உள்ள எரிவாயு 10 கிலோ தீர்ந்தால் முன்பாரம் 8 கிலோ அளவுக்குக் குறையலாம். தொட்டி காலியாகும், கழிவுநீர் நிறையும். அதனால்தான் வீட்டில் ஒருமுறை பார்த்தால் போதாது, திரும்பும் நாளிலும் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை.

பத்து நிமிட வேலையைத் தனிமனிதர் பொறுப்பில் மட்டும் விட்டுவிடவும் கூடாது. பி96 உரிமத்துக்கான செய்முறைத் தேர்வில் ஒரு வண்டியைக் கொடுத்து, முன்பாரத்தை அளந்து, அடுக்கைத் திருத்திக் காட்டச் சொல்ல வேண்டும். பின்னோக்கி வளைத்து நிறுத்துவதைவிட உயிருக்கு நெருக்கமான திறமை இது. கேரவனை வாடகைக்கு விடுபவர், வண்டியைக் கையளிக்கும்போது காலி வண்டியின் முன்பாரத்தையும் வாடிக்கையாளர் காரின் எஸ் எண்ணையும் எழுதி ஒரு சீட்டாகத் தர வேண்டும். இந்தக் கணக்கு விடுமுறைக் கேரவனோடும் நிற்பதல்ல. கோயில் திருவிழாவுக்கு அண்டா, பந்தல் குழாய், ஒலிபெருக்கி எல்லாம் ஏற்றிக்கொண்டு ஐரோப்பிய நெடுஞ்சாலையில் போகும் தமிழர்களின் இரு சக்கர டிரெய்லருக்கும் இதுவேதான். அங்கே சுவர் இல்லாததால் நீளமான குழாய்கள் பின்னால் துருத்திக்கொண்டு நிற்பதும் நடக்கும். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவை அறிவித்தது. நம் பக்கம் இப்போதைக்குப் பெரும்பாலும் எஞ்சின் உள்ள வண்டிகள்தான். இழுக்கும் வண்டிகள் பெருகும் நாளில், விதியை எழுதுபவர்கள் மொத்த எடைக்கான கட்டத்தின் பக்கத்தில் இன்னொரு கட்டத்தையும் போட்டுவைக்க வேண்டும்.

பலெர்மோவில் அதைத் தொடங்க நல்ல இடம் துறைமுகம். விடுமுறை முடிந்து வடக்கே திரும்பும் கேரவன்கள், ஆரஞ்சும் எண்ணெயும் ஏறிய நிலையில், மாலைக் கப்பலுக்காக அங்கே வரிசையில் காத்து நிற்கின்றன. மறுநாள் அவை ஏறப்போவது ஜெனோவாவைச் சுற்றிய மலை நெடுஞ்சாலைகளில், அங்கேயும் சுரங்கமும் உயர்பாலமும்தான். காத்திருக்கும் அந்த நேரத்தில், வரிசையின் ஓரத்தில் சமதளமான ஒரு சிமெண்ட் திட்டும், அதில் பதித்த ஒரு தராசும், 4 சதவீதம் எவ்வளவு என்று காட்டும் ஒரு பலகையும், மாட்டைக் கேட்டதுபோல வண்டியைக் கேட்கத் தெரிந்த ஓர் ஊழியரும் இருந்தால், பின்கட்டிலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தகரங்கள் நான்கும் கப்பலேறும் முன்பே அச்சின் மேலே வந்துவிடும்.